ஃபார்ம் 16 கைக்கு வந்த கதை

கப்பலூர் சிட்கோவில் உள்ள ஒரு சின்னத் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறேன். ஜூன் பிறந்தால் போதும், "அண்ணே, ஃபார்ம் 16 ரெடியா?" என்று இங்கே வேலை பார்ப்பவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்கு நிறுவனம் கொடுக்கும் சான்றிதழ்தான் அது. பட்டனைத் தட்டினால் பிரின்டரில் வந்து விழும் என்று நினைப்பு. 2024-25 நிதியாண்டுக்கு அது எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறேன். முதல்முறை இந்த வேலை தலையில் விழுந்தவர்களுக்கு உதவும்.

இதை எக்செல்லில் நாமே போட்டு அடிக்க முடியாது. பகுதி ஏ (பிடித்துக் கட்டிய வரி), பகுதி பி (சம்பள, கழிவு விவரம்) இரண்டும் வருமான வரித்துறையின் டிரேசஸ் தளத்திலிருந்துதான் இறங்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த வரிக்குக் காலாண்டுதோறும் போடும் 24கியூ ரிட்டர்னில் நாம் கொடுத்ததுதான் அங்கே திரும்பி வரும். அதனால் நிஜமான வேலை மே மாதத்தில்தான். நான்காம் காலாண்டு ரிட்டர்னுக்கு மே 31 கடைசி. ஒவ்வொருவரின் வருடச் சம்பளம், கழிவு, பழைய வரிமுறையா புதியதா என்பதெல்லாம் அதோடு போகும் இணைப்பில் இருக்கும்.

எங்கள் சூப்பர்வைசர் கொடுத்த பான் ஜெராக்ஸில் ஓர் எண் 3-ஆ 8-ஆ என்றே தெரியவில்லை. டிரேசஸில் பான் சரிபார்க்கும் இடத்தில் 8 போட்டால் யாரோ ஒருவர் பெயர். 3 போட்டதும் இவர் பெயர். பார்க்காமல் அனுப்பியிருந்தால் இவரிடம் பிடித்த வரி முன்பின் தெரியாத ஆள் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும்.

ரிட்டர்ன் போட்ட மறுநாளே ஃபார்ம் கிடைத்துவிடாது, அது பிராசஸ் ஆக வேண்டும். அப்புறம் டிரேசஸில் ஃபார்ம் கேட்டுக் கோரிக்கை வைக்கும்போது வரும் கேஒய்சி பக்கம்தான் (கேட்பது நாம்தானா என்று சரிபார்க்கும் இடம்) ஆளைச் சோதிக்கும். ரிட்டர்னின் 15 இலக்க டோக்கன் எண், வரி கட்டிய சலானில் இருக்கும் பிஎஸ்ஆர் கோடு (வங்கிக் கிளையின் எண்), தேதி, வரிசை எண், அந்தச் சலானில் உள்ள மூன்று பேரின் பானும் தொகையும் கேட்கும். திரையில் எந்தக் காலாண்டு தெரிகிறதோ அந்த ரிட்டர்னில் உள்ளபடியே, பைசா உட்பட அடிக்க வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து பதிந்து வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கள் முதலாளிக்கு அதில் நம்பிக்கை இல்லை!

இறங்கும் ஜிப் கோப்பை டிரேசஸின் பிடிஎஃப் கன்வர்ட்டரில் போட்டால் ஆளுக்கொரு பிடிஎஃப் ஆகப் பிரிந்து வரும். அதன் பிறகு பிரின்ட் எடுப்பதெல்லாம் டீ குடிக்கிற நேரம்தான். முதலாளி கையெழுத்துக்குத்தான் காத்துக் கிடந்தேன். ஜூன் 15க்குள் கொடுக்காவிட்டால் ஒரு ஃபார்முக்கு நாளுக்கு 500 ரூபாய் அபராதம் (பிடித்த வரித்தொகைக்கு மேல் போகாது) என்று சொன்ன பிறகுதான் பேனாவைத் திறந்தார்.

வெல்டர் தம்பி ஒருவரும் வந்து நின்றார். வண்டி லோனுக்கு ஃபார்ம் 16 கேட்கிறார்களாம். அவர் சம்பளத்துக்கு வரியே பிடிக்கவில்லை. பிடிக்காதவருக்கு அதைக் கொடுத்தாக வேண்டும் என்பதும் இல்லை. லெட்டர்பேடில் சம்பளச் சான்றிதழ் அடித்து, சீல் போட்டுக் கொடுத்தேன். ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு அதையே வாங்கிக்கொண்டார்கள்.