எப்போது எழுதுகிறீர்கள்?

வீடு, பிள்ளைகள், ஊர்ப் பணி, இத்தனைக்கும் நடுவில் எப்போது எழுதுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். தந்தையான எழுத்தாளர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். பிள்ளைகள் எழுமுன் எழுதுகிறேன். அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தபடி, பதிப்பகத்திலும் வேலை பார்த்தபடி, விடியுமுன் எழுந்து எழுதியவர். 1993-இல் நோபல் பரிசு பெற்றார். அவரை நினைத்தால் எனக்குத் தூக்கம் கலைந்துவிடும்.

நேரத்தைவிடக் கடினமானது வேறொன்று. சிறிய ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கதையில் ஒரு மாமியார் வந்தால் நான்கு வீடுகளில் மனம் புண்படும். அதனால் யாரையும் அப்படியே எடுப்பதில்லை. ஒருவரின் நடை, இன்னொருவரின் கோபம், வேறொருவரின் மௌனம் சேர்ந்துதான் என் பாத்திரங்கள் பிறக்கிறார்கள். தன்னார்வப் பணியின்போது என்னை நம்பிச் சொன்ன துயரங்களை மட்டும் எந்த வடிவத்திலும் எழுதமாட்டேன். அவை அவர்களுடையவை.

ஊர்ப் பணிகளில், நூலகத்தில் சிறுவர்களுக்கு உரக்க வாசிக்கும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே என்பது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்கும் பிள்ளையின் கையில் சரியான நூல் சேரும்போது அந்த இரண்டாம் விதி கண்முன்னே நிகழ்கிறது. சில சமயம் அதற்குப் பல நூல்களை மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

வாசித்துக் காட்ட இன்னும் சிலர் தேவை. நல்ல குரல் வேண்டியதில்லை, பொறுமை போதும். விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.