நீலத் துணியில் ஒரு வெள்ளைக் கோடு

பசிபிக் தீவான சமோவாவில் நியூசிலாந்து ஆட்சியை எதிர்த்து எழுந்த மாவ் விடுதலை இயக்கத்தைப் பற்றி இரண்டு நாளாகப் படிக்கிறேன், மனசு ஆறவே இல்லை. 1918-ல் நியூசிலாந்து நிர்வாகம் தலூன் கப்பலை எந்தத் தடையும் இல்லாமல் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்துக்குள் விட்டது, அதில் வந்த விஷக்காய்ச்சலில் அங்கிருந்தவர்களில் ஐந்தில் ஒருவர் செத்துப்போனார்கள். அந்தக் கோபம் எப்படி அடங்கும்?

மாவ்காரர்கள் இடுப்பில் கட்டியது கருநீல லாவாலாவா, நம் வேட்டி மாதிரி ஒரு துணி, அதில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான் சீருடை. கையில் துப்பாக்கி கிடையாது. 1929 டிசம்பர் 28, ஆப்பியாவில் அவர்கள் ஊர்வலம் போனபோது போலீஸ் சுட்டது. அமைதி, அமைதி என்று தன் மக்களைப் பார்த்துக் குரல் கொடுத்த தலைவர் துபுவா தமசேசே லேயலோஃபியும் குண்டடிபட்டு மறுநாள் இறந்தார். அப்புறம் ஆண்கள் காட்டுக்குள் ஒளிய, பெண்கள் இயக்கத்தைக் கையில் எடுத்தார்கள். 1962-ல் விடுதலை. நியூசிலாந்து மன்னிப்பு கேட்டது 2002-ல்.