சம்பளக் கணக்கு எடுபடாத வகுப்பு

அலுவலகத்தில் தன்னார்வப் பணிக்கென்று சில மணி நேரம் ஒதுக்குவார்கள். அப்படித்தான் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில் ஒரு பள்ளிக்குச் சனிக்கிழமைகளில் ரோபோட்டிக்ஸ் சொல்லித்தரப் போனேன். பாதிப் பேர் நவஹோ என்ற அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகள், மீதி பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி.

முதல் நாள் நம்மூர் வழக்கப்படி சம்பளத்தில் ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால் கலிஃபோர்னியா போகலாம், இவ்வளவு சம்பாதிக்கலாம். ஒருவரும் நிமிரவில்லை. "போயிட்டா, ஆடுகளை யார் பார்த்துப்பாங்க?" என்றான் ஒருவன். கிண்டல் இல்லை. அவன் பாட்டியிடம் நிஜமாகவே ஆடுகள் இருந்தன.

அடுத்த வாரம் ஒரு பழைய கம்ப்யூட்டர் சிப்பின் படத்தோடு போனேன். பக்கத்து ஊரான ஷிப்ராக்கில் 1965 முதல் 1975 வரை ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் என்ற சிப் கம்பெனியின் ஆலை ஓடியது. மைக்ரோஸ்கோப்பில் குனிந்து வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நவஹோப் பெண்கள். கம்பளம் நெய்கிற கைகள் என்று கம்பெனியின் கையேடு அவர்களைப் புகழ்ந்தது. எனக்கு அந்தப் புகழ்ச்சியில் எரிச்சல் உண்டு: திறமையைப் பிறவிக்குணம் என்று சொல்லிவிட்டால் கூலி உயர்த்த வேண்டாமே! கடைசியில் ஆட்குறைப்பு, போராட்டம், ஆலை மூடல்.

ஒரு பெண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எங்க பாட்டி அங்கதான் வேலை பார்த்தாங்க. நாங்க யாரும் கேட்டதில்ல." மறுவாரம் கேட்டு வந்து சொன்னாள்: "தும்மல் வந்தாக்கூட அடக்கிக்கணுமாம்." அன்றைக்கு சென்சார் வயரை அவள்தான் சால்டர் செய்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

இன்னொரு நாள் 2004 கதை. அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரத்துக் கார்ல் ஹேடன் பள்ளியிலிருந்து நான்கு பையன்கள், பிவிசி குழாயில் செய்த நீர்மூழ்கி ரோபோவோடு ஒரு போட்டிக்குப் போய், அமெரிக்காவின் பேர்பெற்ற எம்ஐடி பல்கலைக்கழக அணியையே தோற்கடித்தார்கள். உள்ளே கசிந்த தண்ணீரை உறிஞ்ச, பெண்கள் மாதவிடாய்க்கு வைக்கும் டேம்பான் பஞ்சை வைத்திருந்தார்கள் என்றதும் வகுப்பே சிரித்தது. "அப்புறம் என்ன ஆச்சு?" என்றான் பின்வரிசைப் பையன். கோப்பை கிடைத்தது, நாட்டில் சட்டப்படி இருப்பதற்கான காகிதம் அப்போது கிடைக்கவில்லை என்றேன். அவன் வேறெதுவும் கேட்கவில்லை.

பிறகு மூன்று சனிக்கிழமை அவனைக் காணோம். அப்பாவோடு கூரை போடும் வேலைக்குப் போகிறானாம். படித்தால் அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவன்தான். ஆர்வமில்லை என்று பதிவேட்டில் எழுதிவிடுவது எனக்குச் சுலபம். அதற்குப் பதில் வகுப்பைப் புதன் மாலைக்கு மாற்றினோம். வந்தான். பள்ளி ட்ரில்லில் சார்ஜ் நிற்காது என்று அப்பாவின் ட்ரில்லையும் கையோடு கொண்டுவந்திருந்தான்.