வெறகு பொறுக்கப் போறவங்களுக்குக் காவல்

பாளையங்கோட்டை வஉசி மைதானத்துல மிலிட்டரி செலக்‌ஷனுக்கு ஓடுற பயலுவ, நான் ரிட்டையர்டு ஹவில்தார்னு தெரிஞ்சா மொதல்ல கேக்குறது, "அண்ணாச்சி, ஐநா படையில போனியளாமே, அங்க சண்டை போட்டியளா?"ன்னுதான். சண்டை போடுத வேலை இல்லடே அது, சண்டைக்கு நடுவுல மாட்டுன சனத்த சாகவிடாம பாத்துக்கிடுத வேலை.

நான் இருந்தது தெற்கு சூடான்ல மலக்கால், வெள்ளை நைல் கரை. 2011ல தனி நாடாச்சு, 2013 டிசம்பர்ல அதிபர் ஆளுவளுக்கும் முன்னாள் துணை அதிபர் ஆளுவளுக்கும் தலைநகர் ஜூபால மூண்ட சண்டை ஊர் ஊரா பரவிட்டு, சனம் உசுரக் கையில புடிச்சிக்கிட்டு ஐநா கேம்புகளுக்கு ஓடியாந்துச்சு, கேட்டத் தொறந்து விட்டாங்க. ஒரு கட்டத்துல நாடு முழுக்க ரெண்டு லட்சம் பேருக்கு மேல இப்படி உள்ள இருந்தாங்க. மண்ணு நம்ம கோவில்பட்டி கரிசல் மாதிரியேதான், மழை விழுந்தா வண்டி பொதஞ்சிடும், டார்ப்பாய் குடிசைக்குள்ளயும் சேறு.

ஆனா முள்கம்பிக்குள்ள வச்சிக்கிட்டா மட்டும் காப்பாத்துனதா ஆயிடாது. அடுப்பெரிக்க வெறகு வேணும்லா, அது வெளியதான் கெடக்கு. ஏன் பொம்பளைங்களே போறீங்கன்னு கேட்டதுக்கு ஒரு அம்மா மொழிபெயர்ப்பாளர் மூலமா சொன்னது, "ஆம்பளை போனா கொன்னுருவான், நாங்க போனா கெடுத்துட்டாவது உசுரோட விடுவான்." அதக் கேட்டுட்டு ராத்திரி எனக்கு சோறு எறங்கல.

அதனால வெறகு பேட்ரோல்தான் நாங்க செஞ்சதுலயே பெரிய வேலைன்னு இன்னைக்கும் சொல்லுவேன். கவச வண்டியில ரோட்டோட போனா பிரயோசனமில்ல, புல்லுக்காட்டுக்குள்ள எறங்கி நடக்கணும், எந்தப் பக்கம் எத்தன மணிக்குன்னு முந்தின நாளே அந்தப் பொம்பளைங்ககிட்ட கேட்டு வச்சிக்கிடணும், கடைசி ஆளு தலையில கட்டைத் தூக்கி வச்சி நடக்குறவரைக்கும் நாம திரும்பக்கூடாது. ஒருநாள் வரேன்னுட்டு வரலன்னா அதுக்கப்பறம் நம்மள நம்ப மாட்டாங்க.

உத்தரவு காகிதத்துல பலமாத்தான் இருந்துச்சு, மக்களைக் காக்க தேவைப்பட்டா சுடலாம்னு. ஆனாலும் 2016 பிப்ரவரில, நான் போறதுக்கு முந்தி, அதே மலக்கால் கேம்புக்குள்ளயே ஆயுதத்தோட ஆளுவ புகுந்து கொன்னு குடிசையெல்லாம் கொளுத்திட்டாங்க, காவல் இருந்த சிலபேர் எடத்த விட்டுட்டு போனாங்க, எதிர்த்து நிக்கலன்னு ஐநா விசாரணையே சொல்லுச்சு. காக்கிறோம்னு உள்ள கூப்பிட்டவங்க அப்படிச் செஞ்சா அந்த சனம் வேற எங்க போவும்?

ஐநா படைக்குப் பதிலா பக்கத்து நாட்டுப் படைய விட்டா சரியாயிரும்னு சிலபேர் சொல்லுதாவ. அதுல நியாயம் இருக்கு, தீ பரவுனா அவன் வீட்டுக்குத்தான வரும், சீக்கிரம் வருவான். ஆனா பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு பக்கச் சாய்வும் இருக்கும்; உகாண்டா 2013லயே படை அனுப்புச்சு, அரசாங்கத்துக்கு ஆதரவா நின்னு சண்டை போட்டுச்சு, அதே உகாண்டா சமாதானம் பேசுன இகாட்ங்கிற கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் கூட்டமைப்புலயும் உறுப்பு. 2016 ஜூலைல ஜூபால மறுபடி சண்டை வந்தப்பறம் 4,000 பேர் கொண்ட பிராந்தியப் பாதுகாப்புப் படைக்கு ஆகஸ்ட்ல பாதுகாப்பு கவுன்சில் அனுமதி குடுத்துச்சு, அந்நாட்டு அரசு முட்டுக்கட்டை போட்டதுல ஆளு வந்து சேரவே அடுத்த வருஷம் ஆயிட்டு. சூடானுக்கு மேற்கால இருக்குற டார்ஃபூர்ல அதுக்கு முன்னாடியே, ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்த ஆப்பிரிக்க ஒன்றியத்தோட படை போச்சு, பிரான்ஸ் அளவு நெலத்துக்கு ஏழாயிரம் பேர் சொச்சம், ஹெலிகாப்டருக்கும் காசுக்கும் அடுத்தவங்க கைய எதிர்பாத்து. பக்கத்து நாட்டுக்காரன் வரட்டும், நல்லதுதான், ஆனா சண்டையில பங்கு இல்லாத நாடா பாத்துக் கூப்பிடணும், காசையும் வண்டியையும் மொதல்லயே குடுத்துரணும், வெறகு பொறுக்குற எடம் வரைக்கும் நடந்து போகச் சொல்லி உத்தரவுலயே எழுதணும்.