வீட்டைத் தாண்டிப் போகாமல்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வான்வழியில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர்தான். இரண்டு ஊர்களும் 80ஆம் தீர்க்கரேகையை ஒட்டியே இருப்பதால், விமானம் அநேகமாக நேர் தெற்கே பறக்கிறது. ஒன்றேகால் மணி நேரம், சில நாள் ஒன்றரை.

இதே பயணத்துக்கு முன்பெல்லாம் ஒரு முழு நாளைக் கொடுத்திருக்கிறேன். கொழும்புக்கு வடக்கே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, கொழும்புக்குப் போய், இரவு பஸ் ஏறி, 400 கிலோமீட்டர் வடக்கே வர வேண்டும். வீட்டைத் தாண்டிப் போய், திரும்பி வீட்டுக்கு வருகிற வழி அது. விடியற்காலையில் செருப்புக்குள் நுழையாத கால்களோடு வாசற் படலையைத் திறப்பேன்.

2019 நவம்பரில் பலாலிச் சேவை தொடங்கியபோது அம்மம்மாவுக்குத்தான் முதலில் சொன்னேன். சில மாதங்களிலேயே கொரோனாவால் நின்றுபோனது. 2022 டிசம்பரில் மீண்டும் பறக்கத் தொடங்கும் வரை அவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார். 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் சேவை வந்துவிட்டது. அது 185 கிலோமீட்டர்கூட வராது. திருச்சிக்காரர்களுக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் பக்கம்!

நேற்று ஜன்னலோர இருக்கை கிடைத்தது. விமான இறக்கையில் சுழலும் விசிறிக்கு அப்பால் கடல் வெளிறிப் பச்சையாகி, சட்டென்று கரை வந்தது. பனைகள், செம்மண் தோட்டங்கள், ஒரு கிணற்றடியில் வாழைகள். காலையில் சென்னையில் இட்லி சாப்பிட்டவனுக்கு, மத்தியானம் அம்மம்மா முருங்கைக்காய்க் குழம்பு ஊற்றினார். குழம்பு இன்னும் சுட்டது.