படத்துக்குக் கீழே எழுதிய பெயர்

ஒரு நீச்சல் கிளப்பின் அலுவலகத்தில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். ஃபீஸ் வாங்குவது, பேட்ச் பிரிப்பது, அப்புறம் கிளப்பின் வெப்சைட். போட்டி நடந்த அன்று இரவே படங்களை ஏற்றிவிடுவேன். மெடலோடு நிற்கும் பிள்ளைக்குக் கீழே முழுப்பெயர், வயதுப் பிரிவு, பள்ளியின் பெயர். ஒரு பெயர் விடுபட்டாலும் பெற்றோர் மனம் வருந்துவார்கள் என்று ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்ப்பேன்.

ஒரு வியாழக்கிழமை காலை ஒரு அம்மா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சார், பாப்பா போட்டோவ எடுத்துடுங்க. இப்பவே எடுத்துடுங்க." கணவரின் அடிக்குப் பயந்து மகளோடு ஊர் மாறி வந்தவர் அவர். முந்தின நாள் மாலை பயிற்சி முடியும் நேரத்தில் அந்த மனிதர் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். மகளின் பெயரைத் தேடியிருக்கிறார், எங்கள் படம் வந்திருக்கிறது. எந்த பேட்ச் எத்தனை மணிக்கு முடியும் என்பதும் அதே வெப்சைட்டில்தான் இருந்தது. இரண்டையும் ஏற்றியவன் நான். அவரை முதலில் பார்த்தது அந்தச் சிறுமிதான். உடனே உள்ளே ஓடி உடைமாற்றும் அறையில் உட்கார்ந்துகொண்டாளாம்.

படத்தை எடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. எங்களுடையது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளம். ஒரு படத்தை ஏற்றினால் அது பல அளவுகளில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். பக்கத்திலிருந்து நீக்கினாலும் ஏற்றிய படங்களைச் சேமித்து வைக்கும் மீடியா லைப்ரரியில் கோப்பு அப்படியே இருக்கும், கோப்பின் இணைய முகவரி தெரிந்தவர் திறந்து பார்க்கலாம். கோப்பின் பெயரே அந்தச் சிறுமியின் பெயர்தான், தேடி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று நான் வைத்தது. அங்கும் அழித்துவிட்டு, கூகுள் தேடலிலிருந்து எடுக்க அந்த அம்மாவை விண்ணப்பிக்க வைத்தேன். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் படங்களுக்கு அப்படி ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதற்குள் யாராவது சேமித்து வைத்திருந்தால் அதற்கு என்னிடம் வழி இல்லை.

அன்றிலிருந்து படத்தையும் பெயரையும் சேர்த்துப் போடுவதில்லை. முடிவுப் பட்டியலில் பெயர் இருந்தால் படம் இல்லை. பள்ளியின் பெயரும் பேட்ச் நேரமும் எங்குமே இல்லை. நேரம் பெற்றோரின் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போகிறது. கேமராவிலிருந்தும் போனிலிருந்தும் வரும் படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம், அதையும் நீக்கிவிட்டுத்தான் ஏற்றுகிறேன். நீச்சல் உடையில் இருக்கும் பிள்ளைகளின் படமே வேண்டாம் என்று கோச்சிடம் சொன்னேன். "நீச்சல் கிளப்புல வேற என்னப்பா போடுவே?" என்றார். டிராக்சூட்டில் மெடலோடு நிற்கலாம், தண்ணீருக்குள் தொப்பியும் கையும் தெரிந்தால் போதும் என்றேன். நீச்சல் உடைப் படங்களைக் கெட்ட எண்ணத்தோடு சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று விளக்கியதும் ஒப்புக்கொண்டார்.

சேர்க்கைப் படிவத்தின் கடைசி வரியில், "படங்களைப் பயன்படுத்தச் சம்மதம்" என்று முன்பு பொடி எழுத்தில் இருந்தது. அதைச் சம்மதம் என்று சொல்ல இப்போது எனக்கு மனம் வருவதில்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. நாங்கள் தனித்தாளில் கேட்கிறோம்: வெப்சைட்டுக்கு, நோட்டீஸ் போர்டுக்கு, செய்தித்தாளுக்கு, தனித்தனியாக. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பதில்லை. காரணம் கேட்டால் அந்த அம்மாவைப் போன்றவர்கள் எதைச் சொல்லிச் சமாளிப்பார்கள்?

பிள்ளையிடமும் கேட்கிறோம். பெற்றோர் சம்மதித்த ஒரு பதிமூன்று வயதுப் பையன் என்னிடம் தனியாக வந்து, "அண்ணா, நான் அழுதுட்டு நிக்கிற போட்டோ வேண்டாம்" என்றான். தோற்றுப்போய் நிற்கும் முகத்தை ஊருக்குக் காட்ட அவனுக்கு விருப்பமில்லை. எடுத்துவிட்டேன்.

பழைய ஆல்பங்கள் இன்னும் இருக்கின்றன. அதிலுள்ள பிள்ளைகள் பலர் வேலைக்கே போய்விட்டார்கள், யாரிடம் போய்ச் சம்மதம் கேட்பது? மொத்தமாக மறைத்து வைத்துவிட்டு, மதிய வேளைகளில் ஒவ்வொரு கோப்பாக அழித்து வருகிறேன். இப்போது 2017-இல் இருக்கிறேன்.