பழைய ஏற்பாட்டுத் தேர்வுத் தாளுக்கு 1 சாமுவேல் 12ஐப் படித்த விதம்

தலைமை மாறும் நேரத்தில் கர்த்தர் செய்த விடுதலையை நினைவுகூர்வது பற்றிக் கேள்வி வந்தால், இறையியல் மாணவர்கள் பலரும் யோசுவா 24ஐத்தான் பிடித்துக்கொள்வார்கள். சீகேம், உடன்படிக்கை, சாட்சிக் கல் என்று எழுத வசதியான பகுதிதான். ஆனால் யோசுவா தனக்கு அடுத்தவர் யார் என்று காட்டாமலே விடைபெறுகிறார். நியாயாதிபதியான சாமுவேலோ புது ராஜா சவுலை வைத்துக்கொண்டே ஜனங்களிடம் பேசுகிறார். அதனால் நான் 1 சாமுவேல் 12ஐ எடுத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கும்போது நியாயாதிபதிகள் புத்தகத்தையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். சிசெரா, பெலிஸ்தர், மோவாபின் ராஜா என்று ஜனங்களை ஒடுக்கிய எதிரிகளைச் சாமுவேல் அடுக்குகிறார். அங்கேயோ மோவாப் 3ஆம் அதிகாரத்தில், சிசெரா 4இல், சிம்சோன் காலத்துப் பெலிஸ்தர் 13இல். 11ஆம் வசனத்தில் கர்த்தர் அனுப்பிய மீட்பர்களில் ஒருவராக வரும் பேதான் அங்கே இல்லவே இல்லை. செப்துவஜிந்த் என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில், சிசெராவை முறியடித்த பாராக் இருக்கிறார். ஆக, இது கால வரிசை ஒப்பிப்பதல்ல, வழக்காடுவது. ஒவ்வொரு முறையும் ஜனங்கள் கர்த்தரைக் கூப்பிட்டார்கள், அவர் ஆள் அனுப்பினார்.

சரி, அடுத்து அம்மோனியரின் ராஜா நாகாஸ். அவன் வந்தபோது மட்டும் கர்த்தரைக் கூப்பிடாமல் ராஜாவைக் கேட்டீர்கள் என்கிறார். 8ஆம் அதிகாரத்தில் காரணம் வேறு: பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்த சாமுவேலின் மகன்கள் பரிதானம் வாங்கினார்கள். 12ஆம் அதிகாரத்திலோ அந்த மகன்களுக்குக் கிடைப்பது பாதி வசனம். வெவ்வேறு மரபுகள் சேர்ந்ததால் வந்த வேறுபாடு என்பது அறிஞர்கள் பலரின் விளக்கம், அதை எழுதுங்கள். தன் வீட்டு விஷயத்தைப் பெரியவர் லேசாகத் தாண்டிப் போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது, அதையும் எழுதினேன். இதில் சவுலையும் மறக்க வேண்டாம். நாகாஸை முறியடித்ததும், இது கர்த்தர் தந்த ரட்சிப்பு என்று 11:13இல் சொல்பவர் அவர்தான்.

கோதுமை அறுப்பு நாளில் சாமுவேல் வேண்டிக்கொள்ள, கர்த்தர் அனுப்பும் இடி, மழை அடையாளத்தை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அந்த நாட்டில் கோதுமை அறுப்பு மே, ஜூன் வாக்கில். மழைக்காலம் ஏப்ரலோடு ஓய்ந்துவிடும். அறுப்பு நேரத்தில் மழை என்றால் களத்துக்கு வரவேண்டிய தானியம் பாழ். ஜனங்கள் ஏன் அப்படிப் பயந்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கும்.

உபாகமம் முதல் ராஜாக்கள் வரையுள்ள புத்தகங்கள் ஒரே வரலாற்று நூலாகத் தொகுக்கப்பட்டவை என்று ஜெர்மன் அறிஞர் மார்ட்டின் நோத் 1943இல் முன்வைத்த உபாகம வரலாற்றுக் கொள்கைக்கு இரண்டு வரி போதும்: காலகட்டம் மாறும் இடங்களில் இப்படிப்பட்ட உரைகள் வைக்கப்பட்டிருக்கின்றன என்பது அவர் கருத்து. நேரம் மிஞ்சினால் யோர்தானைக் கடந்ததன் நினைவாக நாட்டிய, யோசுவா 4இன் பன்னிரண்டு கற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை நாட்டப்பட்டதும் கில்காலில்தான், சவுலின் ராஜ்யபாரம் உறுதியானதும் கில்காலில்தான்.